திறக்காத இருநூற்றுப் பதினேழு படங்கள்

திங்கட்கிழமை காலை, டார்னெய்ட்டில் உள்ள என் வீட்டிலிருந்து அலுவலகம் போகும் ரயிலில் இருந்தபோது, சிவநேசன் அண்ணையின் மனைவி மாலதி அக்கா அழைத்தார். "தம்பி, இவர் போயிட்டார்" என்றார். அண்ணை நோபல் பார்க்கில் உள்ள தங்கள் வீட்டில், வேலைக்குப் புறப்படும்போது மாரடைப்பில் விழுந்திருக்கிறார்.

ஆறு வருடம் அவருக்கு அடுத்த மேசை எனக்கு. கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், பூட்டிவைத்த படங்களைத் திறக்காமலே தேடும் முறையைச் சேர்ந்து உருவாக்கினோம். ஒரு முகத்தைக் கொடுத்தால், அந்த முகம் எத்தனை படங்களில் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். தேடும் சாவி எங்கள் எல்லோரிடமும் உண்டு. திறக்கும் சாவி படத்தின் சொந்தக்காரர் கணினியில் மட்டுமே. "அகதியாப் படகாலை இறங்கின நாள் தொட்டு என்ர முகம் எத்தினை கோப்பிலை கிடக்குது தெரியுமே? என்னைக் கேட்டே வைச்சவங்கள்?" என்பார். அந்தக் கோபத்தில்தான் இந்த வேலையை இழுத்துப்போட்டுச் செய்தார்.

சோதனைக்கு இணையத்தில் கிடைக்கும் முகங்களை எடுக்கலாமே என்றேன் ஒருநாள். "ஊரான்ர முகத்திலை ஏன் கை வைக்கிறீர்? என்ர வீட்டுப் படங்களைப் போடுவம்" என்று கல்யாணப் படங்கள் உட்பட எல்லாவற்றையும் பூட்டி ஏற்றினார். வேறெங்கும் பிரதி வைக்கவில்லை. "இன்னொரு சாவி எடுத்து வைங்கண்ணே" என்று கெஞ்சினேன். "ரெண்டு சாவி இருந்தா அது பூட்டே இல்லை, தம்பி." பிடிவாதத்தில் அவரை வெல்ல ஆளில்லை.

ஆள் விலகினால் அன்றைக்கே அவர் கணினியை முழுக்க அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. எழுதியவரும் அவரே. அந்தத் திங்கட்கிழமை, அவருக்கு நான் செய்யும் கடைசிக் கடமை என்று நினைத்து, அழுதுகொண்டே அழித்தேன். அவர் படங்களைத் திறக்கும் ஒரே சாவியும் அதோடு போனது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை அக்கா கேட்டார்: "பெட்டிக்குப் பக்கத்திலை வைக்க ஒரு படம் வேணும். எல்லாம் அவற்ற கொம்பியூட்டரிலைதான். எடுத்துத் தாறீரே?"

இறுதிச் சடங்கில் அவருடைய அலுவலக அடையாள அட்டையில் இருந்த முறைத்த முகத்தைப் பெரிதாக்கி வைத்தோம். வேறு படம் கிடைக்கவில்லையா என்று அங்கே வந்திருந்த உங்களில் பலர் கேட்டீர்கள். காரணம் நான்தான்.

மறுவாரம் அக்கா வீட்டுக் குசினியில், சமையல் மேசையருகே உட்கார்ந்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த அட்டைப் படத்தைக் கொடுத்துத் தேடிக் காட்டினேன். இருநூற்றுப் பதினேழு என்று வந்தது.

"அதிலை கனக்கப் படத்திலை நானும் பக்கத்திலை நிப்பன், என்ன?"

"ஆமாக்கா."

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தேடும் சாவி. திங்கட்கிழமைகளில் அவர் முகத்தைக் கொடுத்துப் பார்க்கிறேன். இருநூற்றுப் பதினேழும் அப்படியே இருக்கின்றன. ஒன்றைக்கூட அக்கா கையில் கொடுக்க என்னால் முடியாது.