அப்பா குதிகால்களைச் சேர்த்த நாள்

அப்பாவின் செருப்புக் குதிகால்கள் இரண்டும் ஒன்றோடொன்று தட்டிய அந்தச் சின்னச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், அதிகாரியின் மேசைக்கு முன்னால் அப்பா விறைப்பாக நின்றார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் காவல் வேலை பார்த்தவர்.

அவருடைய ராணுவச் சேவைக்காகத்தான் என் கல்லூரிக் கட்டணத்தை அரசு கொடுத்தது. மணமாகாத மகளுக்கு மட்டுமே அந்த உதவி. ஒவ்வொரு வருடமும் நானும் நேரில் போய் நிற்க வேண்டும். அந்தக் கடைசி வருடம் எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையும் பட்டாளம், கிடைத்த லீவுக்குள் அவசரமாக முடித்துவிட்டார்கள். இந்த உதவி நின்றால் படிப்பையும் நிறுத்திவிடலாம் என்று மாமியார் வீட்டில் பேச்சு. எனக்குப் படிப்பை விட மனமில்லை, அழுதேன். அதனால்தான் அம்மா தாலிக்கயிறு தெரியாமல் ஷாலைக் கழுத்தோடு இழுத்து ஊக்கு குத்திவிட்டாள். மெட்டியை மறைக்க ஷூ போட்டுக்கொண்டேன்.

அதிகாரியும் பட்டாளத்தில் இருந்தவர். முத்திரையை எடுத்தபடியே கேட்டார்: "இன்னா ஹவில்தார் சாப், பொண்ணு கல்யாணம் எப்போ? பிரியாணிக்கு எங்கள மறந்துடாதீங்க."

அப்பா சிரித்து மழுப்பியிருக்கலாம். பட்டாளத்துப் பழக்க தோஷம், அட்டென்ஷனில் குதிகால்களைச் சேர்த்துக்கொண்டு பதில் சொன்னார்: "இன்னும் பாக்கல சாப். படிப்பு முடியட்டும்."

"அதான் கரெக்ட்" என்று அவர் முத்திரை குத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டியதும் அப்பா, "ஷால எடுத்துடும்மா, ஜாஸ்தி வேர்க்குது பாரு" என்றார். அவ்வளவுதான். அதுவரை குடியரசு தினத்தில் மெடல்களைக் குத்திக்கொண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடியேற்றப் போனவர், அதன்பின் போகவில்லை.

நான் பட்டம் வாங்கினேன். அதனால் கிடைத்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். நான் அழாமல் இருந்திருந்தால் என்று அடிக்கடி தோன்றுகிறது. அப்படி நினைப்பது நன்றிகெட்டதனமோ என்றும் தோன்றுகிறது.

இந்த ஜனவரியில் யுகேஜி படிக்கும் என் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். "தாத்தா, மெடல் போட்டுக்கினு எங்க ஸ்கூலுக்கு வரணுமாம், மிஸ் சொன்னாங்க!"

"தாத்தாவுக்குக் கால் வலிடா கண்ணு."

"பொய்! காலைல வாக்கிங் போனல்ல?"

அப்பா அவளுடைய பெல்ட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"கால் வலிதாண்டி, தாத்தாவ விடு" என்றேன் நான்.