சத்தியம் செய்ய மறுத்த சாட்சியுடன் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு

1992 ஜூலையில் நான் ஆவடிக்குப் போனது ஊர் பார்க்க இல்லை. அக்கா போட்ட கடிதம்தான் காரணம். அத்தான் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார், நீ வந்து பேசு என்று எழுதியிருந்தாள். நான் சொல்லி அத்தான் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. ஆனாலும் கிளம்பினேன்.

திருநெல்வேலியில் ஏறினால் மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு எழும்பூர். அங்கிருந்து பார்க் ஸ்டேஷன். சாலையைக் கடந்தால் சென்ட்ரல். ஆவடி இருபத்தொரு கிலோமீட்டர், மின்ரயிலில் ஐம்பது நிமிடம், டிக்கெட் மூன்று ரூபாய். பட்டரவாக்கத்தில் தொழிற்பேட்டை ஆட்கள் இறங்கும்வரை ஒற்றைக் காலில்தான் நிற்க வேண்டும். ஆவடியில் இறங்கும்போது மணி எட்டேகால். அத்தானின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு அங்கிருந்து கால் மணி நேர நடை.

விஷயம் இதுதான். ஆறு மாதம் முன்பு வேலப்பன்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றபோது அத்தான் ஒரு விபத்தைப் பார்த்தார். லாரி உரசியதில் சைக்கிள்காரர் ஒருவருக்குக் கால் ஒடிந்தது. லாரி நிற்கவே இல்லை. பின்னால் வந்த கம்பெனி வேனின் டிரைவர் ஏகாம்பரம், பக்கத்து ஊரான நூம்பல்காரர், அடிபட்டவரைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். புண்ணியத்துக்குப் பலன், கேஸ் அவர் மேலேயே பாய்ந்தது. பின்னாலிருந்து உரசியதால் அடிபட்டவர் லாரியைப் பார்க்கவில்லை. பார்த்த ஒரே சாட்சி அத்தான். வாய்தா நான் போய் இறங்கிய அன்றைக்குத்தான், பத்தரைக்கு, பூந்தமல்லி கோர்ட்டில். ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு மனிதர் கைலியோடு உட்கார்ந்திருந்தார்.

கூண்டில் ஏறினால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். சத்தியமே செய்யாதே என்று வேதத்தில், அதாவது பைபிளில், இருக்கிறது. அத்தான் போகும் ஜெபவீட்டில் எதையும் எழுத்துக்கு எழுத்து எடுப்பார்கள்.

“எழுதியிருக்கத அப்படியே எடுக்கணும் மாப்ள. நமக்கு வசதியா வளைக்கப்பிடாது,” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண் தப்புச் செய்தால் பிடுங்கிப் போடு என்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது, உங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு என்று கேட்டேன். அது உவமானம் என்றார். எது உவமானம், எது உத்தரவு என்று யார் பிரித்துக் கொடுத்தது என்றேன். அவர் வேதத்தை எடுத்தார். நான் எங்கள் ஊர்ப் போதகரின் விளக்கத்தை எடுத்தேன். காபி வந்தது, இட்லி வந்தது, இன்னொரு காபி வந்தது.

“பஸ்ல போய்க்கிட்டே சண்ட போடலாம்லா?” என்று அக்கா ரெண்டு தரம் கேட்டாள். இருவர் காதிலும் ஏறவில்லை.

கடைசியில் ஒன்று கேட்டேன். உம் வாய்ச்சொல்லே சத்தியம் மாதிரி நம்பும்படி இருக்கணும் என்பதுதானே அதற்கு அர்த்தம், கண்டதை மறைப்பது அதில் எப்படிச் சேரும்? அத்தான் வேதத்தை மூடி வைத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். மணி பதினொன்று நாற்பது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர் இருக்கும், பஸ்ஸுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். பருத்திப்பட்டு தாண்டிக் காடுவெட்டியில் கூவத்தைக் கடக்கும்போது நல்ல காற்று. கோர்ட்டில் நுழைந்தது பன்னிரண்டரைக்கு.

கிளார்க் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அந்தக் கேஸ் முடிந்துவிட்டது என்றார். பதினொன்றரைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாட்சி வரவில்லை. இழுத்தால் ஜெயிலாகிவிடும், ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போகும் என்று வக்கீல் சொல்ல, ஏகாம்பரம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். ஏன் சார் வரவில்லை என்று கேட்ட கிளார்க்கிடம் அத்தான் காரணத்தைச் சொன்னார். அவர் நிமிர்ந்து பார்த்தார். சத்தியம் வேண்டாம் என்றால் வெறும் உறுதிமொழி சொன்னால் போதும், சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது, எத்தனையோ பேர் சொல்கிறார்கள் என்றார்.

ஏகாம்பரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, நாற்பது வயது இருக்கும். குற்றவாளி என்று ஆகிவிட்டதால் கம்பெனி இனி வேனைத் தராது. அத்தான் அவர் அருகே போய்த் தன் வேதத்தில் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஏகாம்பரம் கத்தவில்லை. “சத்தியம்லாம் நானா சார் கேட்டேன்? அன்னிக்கு ரோட்டாண்ட அட்ரஸு எய்திக் குடுத்துட்டு, ‘கண்டிப்பா வர்றேன்’னு சொன்னீங்க. அது போதும்னுதான் இம்மா நாளு நம்பிக்கினு இருந்தேன்.”

அப்படி வாக்குக் கொடுத்ததை அத்தான் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் கம்பெனிக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னார். ஏகாம்பரத்துக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு: சத்தியம் செய்ய மனம் ஒப்பவில்லை என்றால் கூண்டில் ஏறுமுன் கிளார்க்கிடம் சொல்லுங்கள். ரெண்டு நிமிட வேலை. ஆவடியிலிருந்து போகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அன்றைக்கு நான் வந்ததும் கிளம்பியிருந்தால் பத்து மணிக்குள் கோர்ட்டில் இருந்திருப்போம். அந்த வசனத்துக்கு நான் சொன்ன பொருள்தான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். அதை நிரூபிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. அதில் ஒரு மணி நேரம் ஏகாம்பரம் கோர்ட் வாசலில் நின்று, ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.