முப்பத்தொரு கடைசித் தாள்கள்

எங்கள் அண்ணி பள்ளிக்கூட நூலகர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'பத்துக் கேள்வி மிஸ்'. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த பிள்ளை பத்துக் கேள்விக்குப் பதிலும் ஒரு பக்கச் சுருக்கமும் எழுதித் தர வேண்டும். ஏன் என்று கேட்டால், "சும்மா படிச்சா மண்டையில நிக்காது" என்பார். மற்றபடி தங்கமான மனுஷி. தூசு ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே ஆயிரத்து இருநூறு புத்தகங்களுக்குத் தன் கையால் அட்டை போட்டவர். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அவரைப் போல அடித்துக்கொண்டவர்களை நான் பார்த்ததில்லை.

அவருக்கு இருந்த ஒரே குறை சொந்த மகள்தான். அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. வாரம் ஒரு கதைப்புத்தகம் எடுத்து வருவாள், ஒன்றையும் முடிக்க மாட்டாள்.

"முடிச்சியாடி?"

"இல்லம்மா, முடிக்கல."

ஒரு வருஷமாக இதே பதில். "ஊர்ப் பிள்ளைங்களைப் படிக்க வெச்சு என்ன பிரயோஜனம், என் வீட்டுல ஒண்ணு இப்படி இருக்கே" என்று அண்ணி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிற எனக்கே அந்தக் குட்டிமேல் கோபம் வரும்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணி பேயறைந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எடுத்துப் போன புத்தகத்தில் கடைசித் தாளைக் காணோம் என்று அழுதிருக்கிறாள். சந்தேகம் வந்து அண்ணி அலமாரி முழுக்கக் கொட்டிப் பார்த்தால், முப்பத்தொரு புத்தகங்களில் கடைசித் தாள் இல்லை. யாரோ பிளேடால் நறுவிசாக எடுத்திருக்கிறார்கள்.

"இதுக்கு முன்னாடி ஒரு பிள்ளைகூட வந்து சொல்லலியா அண்ணி?" என்று கேட்டேன்.

அண்ணி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அதான் எனக்கு நெஞ்சையே அடைக்குது. அந்தப் புத்தகத்துக்கெல்லாம் நாப்பது பேர் சுருக்கம் எழுதிக் குடுத்திருக்காங்க. எல்லாம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினது. கடைசித் தாள் வரைக்கும் ஒருத்தரும் போகல!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் மட்டும் சாவகாசமாக, "அந்தத் திருடனாவது போயிருக்கானே" என்றார். அண்ணி முறைத்த முறைப்பில் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்று அண்ணி பல்லைக் கடித்தார்.

மகள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய எக்ஸ்ரே உறை. அதை அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தாம்மா."

உறைக்குள் முப்பத்தொரு தாள்கள், ஒரு மடிப்புக்கூட விழாமல். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் புத்தகத்தின் எண். பதிவேட்டில் முப்பத்தொன்றுக்கும் அவள் பெயர் இருந்திருக்கிறது. சொந்த மகள் என்பதால் அண்ணியின் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அவர் கத்தவில்லை. "ஏன்டி?" என்று மட்டும் கேட்டார்.

"முடிச்சா எழுதணும்ல. நீ முடிச்சியான்னு கேக்கும்போது எனக்குப் பொய் சொல்ல வரலம்மா. அதான் முதல்லயே எடுத்து வெச்சுட்டேன். மீதியெல்லாம் ரெண்டு தடவை, மூணு தடவை படிச்சேன்."

"அப்போ இந்தத் தாளெல்லாம்?"

"படிக்கல. படிச்சா முடிஞ்சிடுமே."

சோம்பேறி என்று நாங்கள் திட்டிய குட்டி, கதையில் யார் பிழைத்தார்கள், யார் வீடு திரும்பினார்கள் என்று தெரியாமலே ஒரு வருஷம் தூங்கி எழுந்திருக்கிறது.

அண்ணி தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். "படி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். சத்தியமா."

அவள் நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நடுவிலிருந்து ஒரு தாளை உருவினாள். எது வேண்டும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு பக்கம் படித்தாள், திருப்பினாள். பாதியில் உதடு நடுங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அண்ணியின் வாய் திறந்தது. என்ன ஆச்சு என்ற கேள்வி உதடு வரை வந்துவிட்டதை நான் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள். சட்டென்று தாளை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டாள்.

அண்ணி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பெற்ற பிள்ளை கண்ணெதிரே தேம்பி அழுகிறது. ஏன் அழுகிறாய் என்று கேட்க அவரால் முடியவில்லை.