பொத்தான்களுக்குப் பெயர் வைத்த நாள்

அடியார்களே, போன ஐப்பசியில் என் இரண்டாவது கண்ணும் போய்விட்டது. கண் அழுத்த நோய். ஒரு கண் முன்பே போயிருந்தது. நான் தூத்துக்குடியில் வயலின் சொல்லிக்கொடுப்பவள். என் கச்சேரிப் பதிவுகள், வகுப்பு நேரங்கள் எல்லாம் என் கணவர் வரதன் செய்துகொடுத்த இணையதளத்தில் இருந்தன.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரலைப் போனில் போட்டுப் பழகினேன். முதலில் என் தளத்தைத்தான் திறந்தேன். "படம். படம். பொத்தான். பொத்தான்." அவ்வளவுதான் சொன்னது. எதை அமுக்கினால் பாட்டு வரும் என்று ஒன்றும் தெரியவில்லை. நான் வாசித்ததை என்னாலேயே கேட்க முடியவில்லை. போனைக் கட்டிலில் எறிந்தேன். வயலினைப் பெட்டியில் வைத்து மூடினேன். மூன்று வாரம் அதைத் தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பெருமாள் முன் உட்கார்ந்து அழுதேன். "பார்வை கேட்கவில்லை. இனி எப்படி வாழ்வதென்று சொல்ல ஓர் ஆளை அனுப்பு" என்று மட்டும் கேட்டேன்.

மத்தியானம் போன் வந்தது.

"டீச்சர், வேம்பார்லருந்து ஜெசிந்தா பேசுதேன். எனக்குப் பிறவியிலயே பார்வை கிடையாது. ஒங்க வயலின்னா எனக்கு உசுரு. வெப்சைட்ல எதை அமுக்கிக் கேக்கன்னு தெரியலைன்னு போன வருசமே ஒங்களுக்கு மெயில் போட்டேன்."

அந்த மெயிலை நான் படித்திருந்தேன். கண் தெரிந்த நாளில். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்லி, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"அழாதிய டீச்சர். வெப்சைட்ட சரிபாக்குறதுதான் என் வேலையே. திங்கக்கிழமை வாரேன்" என்றாள்.

பஸ்ஸில் தனியாக வந்தாள். அவள் தளத்தைப் போன் குரலில் கேட்டுக் கேட்டுச் சொல்ல, வரதன் திருத்தினார். ஒவ்வொரு பொத்தானுக்கும் அந்தக் குரல் வாசிக்கும்படி பெயர் வைத்தார்கள். படத்துக்குள் கிடந்த கச்சேரித் தேதிகளை எழுத்தாக்கினார்கள். சாயங்காலம், "இப்ப அமுக்குங்க" என்று போனை என் கையில் தந்தாள். "மோகனம், கேட்க" என்றது குரல். அமுக்கினேன். என் வயலின் பாடியது. பக்கத்தில் வரதன் விம்முவதும் கேட்டது.

"ஒரு வருஷமா பதிலே போடாதவளை ஏம்மா அன்னைக்குக் கூப்பிட்டே?" என்று கேட்டேன்.

"தெரியலை டீச்சர். காலையில ஜெபத்துல இருக்கையில, இன்னொரு தடவை கேட்டுப் பாருன்னு மனசு சொல்லிச்சு."

அவள் மாதாவிடம் இருந்தாள், நான் பெருமாளிடம். அவளை அனுப்பியவன் அவனே என்று நம்புகிறேன்.

பார்வை வரவில்லை. வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் வகுப்புகளை நானே நடத்துகிறேன். நானும் ஜெசிந்தாவும் தெரிந்த வித்வான்களுக்கெல்லாம் போன் போட்டு, அவர்கள் தளங்களையும் திருத்தச் சொல்கிறோம். எட்டயபுரத்து நாதஸ்வரக்காரர் ஒருவர் போன வாரம்தான் செய்து முடித்தார்.

நம்பிக் கேளுங்கள். ஆள் வருவார். நீங்கள் முகங்கொடுக்காமல் விட்ட ஒருவராகவே அவர் இருக்கலாம். வெட்கப்படாமல் கதவைத் திறந்துவிடுங்கள்.