வாப்பா அம்பயராக நின்ற நாள்

என் வாப்பா நிந்தவூர்க்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கல்யாணம் முடித்ததும் கல்முனைக்குடியில் உம்மாவின் சீதன வீட்டுக்குக் குடிவந்தவர். அதனால் இரண்டு ஊருக்கும் கிரிக்கெட் மேட்ச் என்றால் அவரைத்தான் அம்பயராகக் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஆள், ஒரு பக்கமும் சாயமாட்டார் என்று பேச்சு. அது எவ்வளவு பொல்லாத வேலை என்று அன்றுதான் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயசிருக்கும். எங்கள் ஊருக்குப் பந்து போட்டவர் மாமா, உம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர் என்பதால் எங்களோடு அதே வீட்டில் இருந்தார். அன்று அவர் போட்ட பந்தெல்லாம் வளைந்தது. விக்கெட் மளமளவென்று விழ, நான் "எங்கட மாமா, எங்கட மாமா" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வாப்பாவுக்கு ஒரு பழக்கம். ஓவர் முடிந்ததும் பந்தைக் கையில் வாங்கி, மீன் வாங்குகிறவர் செவுளை விரித்துப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பொடியன்மார் சிரிப்பார்கள், எனக்கு மானம் போகும். அன்றும் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

"மச்சான், பொக்கட்டுக்குள்ள இருக்கிறத எடுங்க."

மாமா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். பிறகு எடுத்தார். ஒரு சோடா மூடி, ஓரத்தைத் தட்டிக் கூராக்கியிருந்தது. பந்தின் ஒரு பக்கத் தோல் முழுக்க அதன் கீறல்; பந்து வளைந்ததெல்லாம் அதனால்தான். வாப்பா பந்தை மாற்றச் சொன்னார். மாமா இனி இந்த மேட்சில் பந்து போடக்கூடாது என்றார். அவ்வளவுதான், நாங்கள் தோற்றோம்.

"நம்மட ஊர்ச் சோத்தத் திண்டுட்டு நிந்தவூருக்கு வேலை பாக்கான்டா!" என்று யாரோ கத்த, எல்லாரும் கூச்சல் போட்டார்கள். சீ, எனக்கு உயிரே போய்விட்டது. களவு செய்த மாமாவை நினைத்தல்ல, பிடித்துக்கொடுத்த வாப்பாவை நினைத்து. அவரோடு நடந்துபோகக் கூசி, மாமாவின் சைக்கிள் பாரில் ஏறிக்கொண்டேன். வாப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகையும் முடிந்த பிறகுதான் வாப்பா வந்தார். வந்தவர் உள்ளே வராமல் தெருவோரக் கேற்றடியிலேயே நின்றுவிட்டார். உள்ளே மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தார். உம்மா குசினிக்குள் சட்டி பானையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தா. தெருவால் போனவர்களெல்லாம் வாப்பாவைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த வெட்கமும் சேர, நான் ஓடிப்போனேன்.

"ஏன் வாப்பா நிக்கீங்க? ஊட்டுக்குள்ள வாங்களன்."

"ஓம் மகன், வாறன்" என்றார். வரவில்லை.

வெகு நேரம் கழித்து உம்மா, "சோறு ஆறுது, வரச் சொல்லு" என்று என்னிடம் சொன்னா. அதைக் கேட்ட பிறகுதான் வாப்பா செருப்பைக் கழற்றினார்.

தன் வீட்டுக்குள் வர இந்த மனிசனுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நிந்தவூரில் அவர் பிறந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விட்டதும், உம்மா கூப்பிடாவிட்டால் அன்று அவருக்குப் போக இடமே இல்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை.