கணக்குப் புத்தகத்து அட்டை

தையல்காரரின் மூன்று பெண்களில் கடைக்குட்டியை வீட்டில் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். படம் வரைவதில் கெட்டி. படிப்பு முடிகிற தறுவாயில் ஒரு டிசைன் ஆபீசில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஒழுங்காக இருந்தால் அங்கேயே வேலை என்று முதலாளியம்மா சொல்லியிருந்தாள். ஒரே நிபந்தனை, கடைக்கு வராத சரக்கின் படம் ஆபீஸ் வாசலைத் தாண்டக்கூடாது. சோதனைக்கு அச்சடித்த தாள் வீணானால் அன்றே கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

வாயைப் பொறுத்தவரை குச்சி பூட்டுப் போட்டாற்போலத்தான் இருந்தாள்.

"அப்படி என்னதாண்டி பண்றீங்க அங்க? வெடிகுண்டா செய்யறீங்க?" என்பாள் அம்மா.

"படம் போடறோம்மா. அவ்வளவுதான்."

"பெத்தவகிட்டயே ரகசியம். இருக்கட்டும், இருக்கட்டும்."

கைதான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. ஒரு சோப்புக் கம்பெனியின் புது உறை, அகலமான வழவழத் தாளில், நிறம் பிசகி அச்சாகிவிட்டது. துண்டுத் துணியைக்கூடத் தலையணை உறையாக்குகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அதைக் கிழிக்க மனசு வரவில்லை. சுருட்டிக் கொண்டுவந்து பெரியக்காள் மகளின் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டாள். படம் உள்ளே, வெள்ளை வெளியே.

காலையில் வெள்ளை அட்டை வேண்டாமென்று பிள்ளை முரண்டு பிடிக்க, அக்காள் அதைத் திருப்பிப் போட்டு அனுப்பிவிட்டாள்.

அதே வகுப்பில் சோப்புக் கம்பெனிக்காரரின் பேத்தியும் படித்தாள். அவளைப் பள்ளியில் விடப் போனவர், இன்னும் கடைக்கே வராத தன் உறையை ஒரு பிள்ளையின் கக்கத்தில் பார்த்தார். "சித்தி ஆபீஸ் தாளு" என்று அது பெருமையாகச் சொன்னது. அன்றே அவர் அந்த ஆபீசுக்குக் கொடுத்திருந்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

முதலாளியம்மா சத்தம் போடவில்லை.

"யாருக்காவது காட்டினியாம்மா?"

"ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்கலைங்க மேடம். அட்டைதான் போட்டேன். படத்தை உள்பக்கமாத்தான் வச்சேன்."

"நீ கிழிச்சிருப்பேன்னு அவர்கிட்ட அடிச்சுச் சொல்லிட்டேனே."

அதன்பின் குச்சி பக்கத்தில் போனாலே மற்றவர்கள் கம்ப்யூட்டர் திரையை மாற்றினார்கள். வேலை கிடைக்கவில்லை. அதைக்கூட அவள் மறந்துவிட்டாள். முதலாளியம்மா தனக்காக அடித்துச் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை.

அக்காளிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டாள். இப்போது கடைப் பலகைகளுக்கு எழுத்து வரைகிறாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயமெல்லாம் அக்காள் ஆரம்பித்துவிடுவாள்.

"அந்த ஆபீஸ்ல எவ்வளவு நல்ல தாளு கிடைச்சுது. விட்டுட்டு வந்து நிக்கிறியே. சாமர்த்தியம் போதாதுடி உனக்கு."

"போதாதுதான்க்கா" என்று சொல்லிவிட்டு, கடையில் வாங்கிய பழுப்புத் தாளை மடிக்க உட்காருவாள் குச்சி.