ஏலக்காய்ப் பொட்டலத்தில் போன மழை

வாடகைப் புத்தகக் கடை நடத்துகிறவனுக்கு ரத்தக் கொதிப்பு வர உப்பு வேண்டாம். கொடுத்த புத்தகம் திரும்பி வந்தாலே போதும். இரவல் கொடுத்து வயிறெரிந்த சகாக்களே, தொண்ணூற்றெட்டில் சின்னமனூரில் என் கடையிலிருந்த ஒரு பழைய சாகச நாவல் பட்ட பாட்டைக் கேளுங்கள். இரண்டு நண்பர்கள் காட்டில் வழி தவறுகிறார்கள். ஒருவனுக்குக் கால் முறிகிறது. மற்றவன் அவனை விட்டுவிட்டு ஓடுகிறான்.

வழி கேட்காத வீரர்கள்

மேகமலைக்கு ஜீப் ஓட்டும் பாண்டி, பாதிகூடப் படிக்காமல் இரண்டே நாளில் அதைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். ஆபத்தைத் தேடிப் போகும் மனிதனின் கதை இது என்று தொண்டை வற்ற விளக்கினேன். தினமும் அந்த மலைச் சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வருகிறவரிடம் அது எடுபடவில்லை.

“கெளம்பும்போதே ஒரு டீக்கடையில வழி கேட்டிருந்தா இம்புட்டுப் பக்கம் எதுக்குண்ணே?”

மாதிரிப் பொட்டலம்

அடுத்து எடுத்துப் போனவர் ஏலக்காய்த் தரகர் சுருளிவேல். புத்தகம் இளைத்துத் திரும்பியது. நடுவில் பதினாறு பக்கங்களைக் காணோம். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வியாபாரிகளுக்குக் காட்டும் மாதிரி ஏலக்காயை அந்தத் தாள்களில் மடித்து, போடிச் சந்தையில் ஆளுக்கொரு பொட்டலமாகக் கொடுத்துவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். மனுஷன் அசரவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் கிழித்தேன் என்று சாதித்தார்.

“ஆளுக பேசுற பக்கத்துல கையே வைக்கலண்ணே. வெறும் மழையும் மரமுமா இருந்ததத்தான் கிழிச்சேன். மழை இங்கன பெய்யாததா?”

நான் தள்ளிய பக்கங்கள்

கிழிந்ததானாலும் பரவாயில்லை என்று அதை வாங்கிப் போனவர், மேகமலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வி. அவர் கணவர் யானையிடம் சிக்கி இடுப்பொடிந்து, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் படுத்திருந்தார். அன்று கூடப் போன கூட்டாளி ஓடித் தப்பியவர், அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுவாரம் செல்வி மலையிறங்கி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிழிந்த இடத்துக்கு அடுத்த பக்கத்தில் நண்பர்கள் இருவரும் ஒரு குடிசையில் கஞ்சி குடிக்கிறார்கள். ஓடினவனே திரும்பி வந்து தூக்கிப் போனானா, வேறு யாராவது காப்பாற்றினார்களா? “அவுக மூணு நாளா இதத்தான் கேட்டுக்கிட்டிருக்காக” என்றார்.

சுருளிவேல் மேலிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே என் மேல் திரும்பியது. அந்த நாவலை நான் இரண்டு தடவை படித்தவன். இரண்டு தடவையும் மழை வர்ணனை ஆரம்பித்ததும் பக்கங்களைப் புரட்டித் தள்ளியவன். ஓடினவனின் மனசு மாறியிருந்தால், அந்த மழைக்குள்தான் மாறியிருக்க வேண்டும். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, திரும்பி வந்தான் என்று அடித்துவிட்டேன். செல்வி கஞ்சி குடிக்கும் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

“வந்திருப்பாண்ணே, ஒரே சட்டியில குடிக்கிறானுகல்ல. அவுக கூட்டாளி வீடு எங்களுக்கு அடுத்த லைன்தான். நடுவுல மழைகூட இல்ல.”

பக்கத்தைக் கிழித்தவருக்கு அன்றோடு புத்தகம் கொடுப்பதை நிறுத்தினேன்; படிக்காமல் தள்ளியவனை நிறுத்த முடியவில்லை, கடைச் சாவி அவனிடம்தான் இருந்தது.